சிவப்பு போட்ட டேங்க்

புகை போல இறங்குகிறது, தண்ணீரா மருந்தா என்று தெரியாத ஒரு வெள்ளைப் புகை, ரோஜாக் கன்றுகளின் மேல் மெதுவாக, நான் அதற்குக் கீழே நிற்கிறேனா மேலே நிற்கிறேனா என்று புரியவில்லை, மருந்தடிக்கிற டேங்க் என் முதுகில்தான் தொங்குகிறது, வார் தோளை அறுக்கிறது, ஆனால் குழாயைப் பிடித்திருப்பது அம்மாவின் கை, அந்தக் கை ஒவ்வொரு கன்றுப் பாக்கெட்டாக நகர்கிறது, அது நகர்ந்த இடத்தில் எல்லாம் இலைகள் தூக்கத்தில் விரல் மடக்குகிற பிள்ளைகளைப் போல மடங்குகின்றன, நிறுத்தும்மா என்று கத்துகிறேன், அம்மா திரும்பிப் பார்த்து, நீதானடி இதுன்னு காட்டுன என்கிறாள், அப்போதுதான் முழிப்பு வந்தது, முழித்த பிறகும் தோளில் வார் அறுத்த இடம் வலிக்கிறது, தொட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. பக்கத்தில் அம்மா ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், ரோட்டில் லாரி போகிறபோதெல்லாம் சன்னல் வழியாக வெளிச்சம் வந்து எதிரே சாமான் வைக்கிற சார்ப்புச் சுவரைத் தடவிவிட்டுப் போகிறது, அந்தச் சுவரில் அடுத்தடுத்த ஆணியில் இரண்டு டேங்க், ஒரே நீலம், ஒரே அளவு, ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்புத் துணி. யாரிடமாவது சொல்ல வேண்டும், சத்தமாகச் சொன்னால் அம்மா எழுந்துவிடுவாள், அதனால் வாய்க்குள்ளேயே சொல்கிறேன், அந்தத் துணி சரியான டேங்கில்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விடிந்ததும் அம்மா துணி இல்லாத டேங்கை எடுத்து ரோஜாவுக்கெல்லாம் செடிப்பேன் மருந்து அடிக்கப் போகிறாள், அது எப்போதும் மருந்தடிக்கிற டேங்க்காக இருந்தால் ஒன்றும் இல்லை, களைக்கொல்லி அடிக்கிற டேங்க்காக இருந்தால் அம்மா கையால் ஒட்டுக்கட்டிய ரோஜா முழுக்கச் சுருண்டுவிடும், ரோஜா போனால் நர்சரி போகும், நர்சரி போனால் நாங்கள் திருப்பூர் போவோம், திருப்பூரில் அப்பா இருக்கிறார்.

அப்பா முன்பு இங்கேதான் இருந்தார், வத்தலக்குண்டு ரோட்டோரம் செடிக்கு நிழல் தருகிற இந்தப் பச்சை வலையைக் கட்டியதே அவர்தான், கம்பு நட்டு, கம்பி இழுத்து, மேலே ஏறி நின்று அம்மாவைப் பார்த்து, ஏய் பஞ்சவர்ணம், கீழ இருந்து பாத்தா நான் கலெக்டர் மாதிரி இருக்கேனா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது, இல்லை, அம்மா சொல்லிக் கேட்டதுதான் ஞாபகமாக மாறிவிட்டதோ என்னவோ. பிறகு மழை இல்லாத ஒரு வருஷம் வந்தது, பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார், ராத்திரி ராத்திரி போன் பண்ணுவார், சாப்ட்டியா பாப்பா என்பார், பரீச்சை எப்போது என்பார், கடைசியில், ரோசா என்னாச்சு என்பார், அந்த ரோசாவுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், பிடிக்காத சொந்தக்காரர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்பது போல. அம்மா போனை வாங்கி, இந்த ரோசா புடிச்சு வரட்டும், வரலேன்னா நானே சட்டி பானையக் கட்டிட்டு வந்துர்றேன், அதுவரைக்கும் வா வான்னு உசிர வாங்காதீங்க என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் புத்தகத்தைப் பார்ப்பேன். எனக்கு அப்பாவும் வேண்டும், இந்த மண் வாடையும் வேண்டும், இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கிறது என்று தெரியவில்லை, சில நாள் திருப்பூரில் மாடிவீட்டில் அப்பாவோடு பரோட்டா தின்பது போல நினைத்துக்கொள்வேன், அந்த நினைப்பில் அம்மா இருக்க மாட்டாள், பயந்துபோய் அவளையும் இழுத்து உட்கார வைப்பேன், உட்கார்ந்தவுடன் அவள், இங்க செடி வைக்க எடமில்லையே என்பாள்.

அந்த இரண்டு டேங்கும் வாங்கிய நாளை நினைத்தால் மட்டும் பயம் கொஞ்சம் விலகுகிறது, திண்டுக்கல் கடைவீதி, வெயில், அம்மா கூடையில் வேப்பங்குச்சி ஒன்றைச் செருகிக்கொண்டு வந்திருந்தாள், எதுக்கும்மா என்றால் பேசாமல் வா என்றாள். கடைக்காரர் பளபளவென்று ஒரு கத்தரியை எடுத்துப் போட்டார், செடி கழிக்கிற கத்தரி, ஆரஞ்சுக் கைப்பிடி, அம்மா அதை மூடி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள், இரண்டு அலகுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், பிறகு கூடையில் இருந்த குச்சியை எடுத்து வெட்டினாள், வெட்டிய இடம் நசுங்கி நார் தொங்கியது, இது வெட்டலீங்க, மெல்லுது என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார், யம்மா, கடைக்கு வெறகு கொண்டாந்து வெட்டிப் பாக்குற ஆள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். பொண்ணு பாக்கப் போனா நடக்க விட்டுப் பாக்குறீகல்ல என்றாள் அம்மா. இன்னொன்று, அதற்கும் அடுத்த ஒன்று, கடைசியில் பளபளப்பே இல்லாத ஒரு கறுப்புக் கத்தரி, அவள் விரல் சுற்றுக்கு அடங்குகிற கத்தரி, குச்சியைச் சத்தமே இல்லாமல் துண்டாக்கியது, வெட்டிய முகம் கண்ணாடி போல இருந்தது, அதை என் கன்னத்தில் வைத்து, பாரு, குத்துதா என்று கேட்டாள், குத்தவில்லை. அப்புறம் டேங்க், அதைத் தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டி லிவரை அடித்துக்கொண்டு கடைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள், மூடியில் ஒழுகுகிறதா, முதுகு நனைகிறதா, குழாய் நுனி நாசிலில் தண்ணீர் பூவாய் விழுகிறதா கோடாய் விழுகிறதா என்று பார்த்தாள், படுத்திருந்த நாய் நனைந்து எழுந்து ஓடியது, கடைவீதியே வேடிக்கை பார்த்தது, எனக்கு வெட்கம், எனக்குப் பெருமை. இதுலயே ரெண்டு போடுங்க என்றாள். ஒன்னு போதாதாம்மா, கழுவிக் கழுவி அடிச்சுக்கிறலாம்ல என்றார் கடைக்காரர். களை மருந்து கழுவுனா போகாதுங்க, ரப்பருக்குள்ள, குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கிரும், ஒரு பொட்டு இருந்தாலும் செடியக் கொன்னுரும், அதுக்குத் தனி, இதுக்குத் தனி என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு டேங்கின் கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு வளையம் போட்டாள், பிரஷ் இல்லை, விரலால்தான் போட்டாள், செவப்பு போட்டது களைக்கு, போடாதது செடிக்கு, மறந்து கிறந்து தொலச்சிராத என்று அந்த விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் இறக்கினோம், மம்பட்டி, களைக்கொத்து, கடப்பாரை, கத்தரி, பூவாளி, ஒட்டுக்கத்தி, இரண்டு டேங்க், கோணிச்சாக்கை விரித்து வரிசையாகப் படுக்க வைத்தபோது ஒரு குடும்பமே படுத்திருப்பது போல இருந்தது. அம்மா மம்பட்டித் துருவை மணலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தாள், மெக்கானிக் கடையில் பழைய ஆயில் கொடுத்திருந்தார்கள், அதைத் துணியில் நனைத்து இரும்புக்குப் பூசினாள், மரப்பிடிக்கு வேப்பெண்ணெய், ஆடுகிற பிடியைத் தொட்டித் தண்ணீரில் ஊற வைத்து ஆப்பு இறக்கினாள், ஒட்டுக்கத்தியை மட்டும் யாரையும் தொட விடமாட்டாள், அதைத் தீட்டுகிற கல்லே தனி, ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டுவாள், இந்தப் பக்கம் தட்டையாவே இருக்கணும், அப்பத்தான் தோல் நோகாம கண்ணு இறங்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள், கண் என்றால் ரோஜா மொட்டின் கண், காட்டு ரோஜாத் தண்டில் தோலைக் கீறி நல்ல ரோஜாவின் கண்ணை உள்ளே செருகி டேப்பால் கட்டுவது, கட்டிக் கட்டி அம்மாவின் கட்டைவிரல் முழுக்கக் கத்திக் கீறல். எனக்கு டேங்குகளைக் கொடுத்தாள். அழுக்கு என்றால் அப்படி ஓர் அழுக்கு, சேறும் மருந்தும் ஒட்டி வெளுத்துப்போய், நான் சோப்புத் தூள் போட்டேன், போகவில்லை, இரும்பு நாரால் தேய்த்தேன், கொஞ்சம் போனது, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், நீலம் புதிதாக வந்தது, வந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது, அப்போது டிவிஎஸ்ஸில் வந்து இறங்கிய காசிமாயன் மாமா, அம்மாவின் தம்பி, நர்சரியில் கனமான வேலையெல்லாம் பார்க்கிறவர், ஏன் மருமகளே, டேங்க்க என்ன மாப்பிள்ளைக்கா குளிப்பாட்டுற, இந்தத் தேய் தேய்க்கிற என்றார். உன்னயக் குளிப்பாட்டத்தான் ஆள் இல்ல மாமா என்றேன். மாமா சிரித்தார், அம்மா சிரித்தாள், நானும் சிரித்துக்கொண்டே தேய்த்தேன், எந்த டேங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் அந்தச் சிரிப்பில் எங்கேயோ விழுந்துவிட்டது. காய வைத்துப் பார்க்கையில் இரண்டும் பொட்டல் நீலம், வளையம் இல்லை, மண்ணெண்ணெயில் கரைந்து என் விரல் இடுக்கில் ரோஸ் நிறமாக இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம், அம்மா வளையம் போயிருச்சு என்று, ஆனால் அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள், பொரி, கடலை, பூசணிக்காய், மாமா மாவிலைக்கு மரம் ஏறியிருந்தார், மறுநாள் பூஜையில் அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள், மம்பட்டிக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று, டேங்குக்கு ஆளுக்கு ஒன்று, இரண்டுமே சிவப்பு போட்ட டேங்க் ஆகிவிட்டன. பூஜைக்கு வைத்ததை அன்று தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும், அந்த ஒரு ராத்திரி எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் எல்லாம் எதுவாகவும் இல்லாமல் சும்மா இருந்தன. மறுநாள் அம்மா பொட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், செவப்பு எங்கடி. தேய்ச்சதுல போயிருச்சும்மா என்றேன். போயிருச்சா, எது அது, எது களைக்கு. இந்தா இதான் என்று கையை நீட்டினேன். எவ்வளவு வேகமாக நீண்டது அந்தக் கை, யோசிக்கவே இல்லை, எனக்குத் தெரியும் என்பது போலவும் தெரியாது என்று சொன்னால் அடி விழும் என்பது போலவும் இரண்டு காரணமும் சேர்ந்து தள்ளியது போல நீண்டது. அம்மா பெயிண்ட் டப்பாவைத் திறந்து பார்த்தாள், காய்ந்து கட்டியாகக் கிடந்தது, பூஜைக்கு விரித்த சிவப்புத் துணியில் ஓர் ஓரத்தைக் கிழித்து நான் காட்டிய டேங்கின் கழுத்தில் கட்டினாள், முடிச்சு போட்டு, இன்னொரு முடிச்சும் போட்டு, பாத்தியா, இனிமே கொழப்பமே இல்ல என்றாள்.

அன்றிலிருந்துதான் குழப்பம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை நீலமாகத் தெரிகிறது, இடது கைப்பக்கம் வைத்துத் தேய்த்ததுதான் சிவப்பு என்று ஒரு நாள் தோன்றும், இல்லை, இடது பக்கம் பூவாளி அல்லவா இருந்தது என்று மறுநாள் தோன்றும், மாமா டிவிஎஸ்ஸை நிறுத்தியபோது நான் தலையைத் திருப்பினேன், திரும்பியபோது டேங்கும் என்னோடு திரும்பியதா, ஒரு டேங்கின் அடியில் கீறல் இருந்ததே என்று பார்த்தேன், இரண்டிலும் கீறல், இரும்பு நார் என் புத்தி போல எல்லாப் பக்கமும் கீறியிருந்தது. மோந்து பார்த்தேன், இரண்டிலும் மண்ணெண்ணெய் வாடை. ஒரு ராத்திரி இதைவிட மோசமான ஒன்று தோன்றியது, ஒருவேளை நான் வேண்டுமென்றே காட்டினேனோ, எனக்கே தெரியாமல் என் கை திருப்பூருக்கு வழி காட்டியதோ, ரோஜா செத்தால் அப்பா கிடைப்பார் என்று அந்தக் கைக்குத் தோன்றியிருக்குமோ, கையை முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன், காலையில் மரத்துப்போய் யாருடைய கையோ போலக் கிடந்தது. அம்மாவிடம் சொல்ல வாயைத் திறப்பேன், அவள் ரோஜாப் பாத்தியில் குத்த வைத்து உட்கார்ந்து டேப்பை அவிழ்த்து, வந்துருச்சுடி, கண்ணு வந்துருச்சுடி, இங்க பாரேன், எறும்புத்தல மாதிரி என்று கூப்பிடுவாள், பச்சையாக ஒரு புள்ளி தோலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், நான் வாயை மூடிக்கொள்வேன்.

பேன் வந்திருக்கிறது, நாளைக்குக் காலையில் மருந்தடிச்சிரணும் என்று அம்மா நேற்று சொன்னதும்தான் எனக்குத் தக்காளி ஞாபகம் வந்தது. போன வருஷம் மாமா வேலியோரம் களை மருந்து அடித்தபோது காற்று திரும்பி அடுத்த தோட்டத்துத் தக்காளி மேல் பட்டுவிட்டது, அந்தத் தோட்டக்காரர், நாங்கள் பூசாரி தாத்தா என்று கூப்பிடுகிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஏலே காசி, என் தக்காளிக்கு என்னடா மந்திரம் வச்ச, எல்லாம் கூனிக் குறுகி நிக்குது என்று கத்தினார். அந்த மருந்து வாட பட்டாலே தக்காளிக்கு இழுத்துக்கிரும் பெரியவரே, நான் என்ன பண்ண, காத்தக் கேளுங்க என்றார் மாமா, பெரிய சண்டை, அம்மா போய்க் கும்பிட்டுத் தீர்த்து வைத்தாள். அதனால் நேற்று மத்தியானம் அம்மா சந்தைக்குப் போனதும் இரண்டு டேங்கிலும் வெறும் தண்ணீர் ஊற்றினேன், நன்றாகக் குலுக்கினேன், குழாய் வழியாக அடித்தேன், துணி கட்டிய டேங்குத் தண்ணீர் ஒரு தக்காளி நாற்றுத் தட்டுக்கு, துணி கட்டாத டேங்குத் தண்ணீர் இன்னொரு தட்டுக்கு, இரண்டையும் சிமெண்டுத் தொட்டிக்குப் பின்னால் தள்ளித் தள்ளி வைத்தேன், துணி கட்டியதற்கு மேற்குப் பக்கம், கட்டாததற்குக் கிழக்குப் பக்கம், இந்த முறை மறக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைத்தேன். எது சுருளுகிறதோ அது களை டேங்க், மேற்கு சுருண்டால் நான் காட்டியது சரி, நிம்மதியாகச் சோறு தின்னலாம், கிழக்கு சுருண்டால் அம்மா காலில் விழ வேண்டும், அவ்வளவுதான், அதில் குழப்பமே வர முடியாது. சாயங்காலம் பார்த்தேன், மேற்கும் லேசாகத் தலை சாய்ந்திருந்தது, கிழக்கும் லேசாகத் தலை சாய்ந்திருந்தது, வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எழுந்து போகிறேன், அம்மா போனை எடுத்துக்கொண்டு, கதவு கிறீச்சிடாமல் தூக்கித் திறந்து, கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை, சாம்பல் மட்டும் இருக்கிறது, தொட்டிக்குப் பின்னால் வெளிச்சம் அடிக்கிறேன், மேற்குத் தட்டு சுருண்டிருக்கிறது, தண்டு பாம்புக் குட்டி போல வளைந்து, இலை உள்ளங்கையை மூடிக்கொண்டு, அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன், அப்படியானால் நான் காட்டியது சரி, என் கை நல்ல கை, சிரிப்புகூட வந்தது, வெளிச்சத்தைக் கிழக்கே திருப்புகிறேன், அதுவும் சுருண்டிருக்கிறது. அதே வளைவு, அதே மூடல். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்க்கிறேன், மேற்கைப் பார்க்கிறேன், கிழக்கைப் பார்க்கிறேன், தண்ணீர் அடிக்காத மற்ற தட்டுகள் வலைக்கு அடியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல நேராக நிற்கின்றன, இந்த இரண்டு மட்டும் கூனிக்கொண்டு நிற்கின்றன, நான் இன்னும் கனவில்தான் இருக்கிறேனோ, இல்லை, நேற்று ஒரே டேங்கிலிருந்தே இரண்டு தட்டுக்கும் அடித்தேனோ, இல்லை, என் கை பட்டாலே செடி சுருளுமோ, தட்டுகளுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, டிவிஎஸ் சத்தம் கேட்டபோது வலையின் பச்சை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அம்மா எழுந்துவிட்டாள், அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, புது வாளியில் மருந்தைக் கலக்கிக் குச்சியால் சுழற்றிக்கொண்டிருக்கிறாள், மாமா வண்டியை நிறுத்திவிட்டுச் சார்ப்புச் சுவரிலிருந்து துணி கட்டாத டேங்கை இறக்குகிறார், நான் ஓடிப் போய் டேங்கின் வாரைப் பிடித்துக்கொண்டேன், வேண்டாம் என்று மட்டும்தான் வந்தது. என்னடி இவ, பேய் அறஞ்ச மாதிரி நிக்கிற என்றாள் அம்மா. வேண்டாம்மா, வந்து பாரு. எதப் பாக்க. வந்து பாரும்மா என்று இழுத்தேன், தட்டுகளுக்கு முன்னால் நிறுத்தினேன், மாமாவும் டேங்கோடு பின்னால் வந்தார். அம்மா குனிந்தாள், துண்டை இறக்கிவிட்டு ஒரு நாற்றின் தண்டை விரலால் நிமிர்த்தினாள், விட்டதும் அது மறுபடி வளைந்தது. இது எதுல அடிச்சது என்றாள், யார் அடித்தது என்று கேட்கவில்லை. துணி கட்டுனதுல, வெறும் தண்ணிதான் என்றேன், அம்மா அடுத்த தட்டைத் தொட்டாள். இது. துணி கட்டாததுல. அம்மா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள், ரெண்டுலயுமா என்றாள், பிறகு தலையை மெதுவாகத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். மாமா டேங்கைக் கீழே வைத்துவிட்டு மேலே வலையைப் பார்த்தார், நாத்துக்குக் குளிர் காய்ச்சலா இருக்கும்க்கா என்றார், யாரும் சிரிக்கவில்லை. காசி என்றாள் அம்மா, அதட்டவில்லை, பெயரை மட்டும் சொன்னாள். மாமா செருப்பால் மண்ணைக் கிளறினார், பூசைக்கு எடம் சுத்தமா இருக்கணும்னு நீதானக்கா சொன்ன, நடபாதையில ஒரே புல்லு, செவப்பு டேங்குல லிவர் பின் ஒடஞ்சு கெடந்துச்சு, சரி, ஒரு வாட்டிதானன்னு மத்ததுல ஊத்தி அடிச்சுட்டேன், அப்பறம் ரெண்டுக்கும் புதுப் பின்னு போட்டு, கழுவித்தான் வச்சேன், நல்லாக் கழுவுனேன். அம்மா கையிலிருந்த குச்சி பறந்து போய்த் தண்ணீர் டிரம்மில் பட்டது, நீ கழுவுற லட்சணம் நீ தின்ன தட்டுலயே தெரியுமேடா, கொலகாரப் பாவி, இத எடுத்து இப்ப நான் அடிச்சிருந்தேன்னா. அந்த அடிச்சிருந்தேன்னாவோடு வலைக்கு அடியில் ரோஜாக்கள் நிற்கிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சரியாகக் காட்டியிருந்தாலும் ரோஜா செத்திருக்கும், தப்பாகக் காட்டியிருந்தாலும் செத்திருக்கும், அப்படியானால் நான் காட்டியது சரியா தப்பா, இனி அதை எந்தத் தக்காளியும் சொல்லாது, இரண்டு டேங்கும் களை டேங்க்தான், என் கை எங்கே நீண்டது என்பதற்கு இனி பதிலே கிடையாது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், நீ எதுக்குடி நாத்துல அடிச்சுப் பாத்த. எது எதுன்னு எனக்குத் தெரியலம்மா. தெரியலயா, அன்னைக்கு அம்புட்டுத் திடமா கையக் காட்டுன. எனக்கு அழுகை வந்தது, அதை அடக்கினால் விக்கல் வந்தது. அம்மா கையை ஓங்கினாள், ஓங்கிய கை என் தலையில் அடியாக விழாமல் தொப்பென்று சும்மா விழுந்தது, அங்கேயே இருந்தது, மருந்து பட்டுவிடக் கூடாது என்று ஞாபகம் வந்து அதையும் எடுத்துக்கொண்டாள், தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்னடி, நான் மட்டும் எல்லாம் தெரிஞ்சா நிக்கிறேன், இந்த ரோசா வருமா போகுமான்னு தெரியாமத்தான ராவும் பகலும் நிக்கிறேன் என்றாள். மாமா மெதுவாக, வத்தலக்குண்டு போயி யார்கிட்டயாச்சும் டேங்க் வாங்கியாரவாக்கா என்றார். ஊரான் டேங்குல ஊரான் என்னத்த ஊத்துனானோ, வேணாம், கலக்குன மருந்து வீணாப் போகும், பேன் அது பாட்டுக்கு ஏறிரும் என்றாள் அம்மா, சுற்றும் முற்றும் பார்த்தாள், பிறகு ரோட்டோரம் கைகாட்டி, பஸ்ஸுல போறவன் வீசுன தண்ணி பாட்டிலு கெடக்கும், நல்லதாப் பாத்துப் பொறுக்கிட்டு வா, போ என்றாள்.

மாமா ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார், கழுவினோம், அம்மாவே மோந்து பார்த்து மோந்து பார்த்துக் கழுவினாள், கோணி ஊசியால் மூடிகளில் ஓட்டை போட்டாள், சின்னச் சின்ன ஓட்டை, சாமி படத்துக்குப் பொட்டு வைக்கிற மாதிரி கவனமாக. எங்கள் மூக்கிலும் துண்டு கட்டிவிட்டாள், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி நூலால் கட்டினாள், மாமாவைப் பார்த்து, ஒனக்கு வாயிலயும் கட்டணும் என்றாள், மாமா துண்டை வாய்க்கும் சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டார். காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாரு, முதுகுப் பக்கம் காத்து இருக்கணும், அப்படி நின்னுக்க, எலைக்கு அடியிலதான் பேன் இருக்கும், சாச்சுப் புடிச்சு அடியில அமுக்கு, மேல ஊத்தி ஏமாத்தாத. மூன்று பேரும் மூன்று பாத்தியில் குனிந்தோம், பாட்டிலை அமுக்கினால் புகையாக வரவில்லை, தூறலாக வந்தது, தடிமனான தூறல், ஒவ்வொரு கன்றாக, இந்தக் கண் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் எனக்கு ஏன் மூச்சு லேசாகிறது என்று கேட்டுக்கொண்டு, வராத கண்ணை ஏன் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன் என்றும் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறி வலை வழியாகப் பொட்டுப் பொட்டாக முதுகில் விழுகிற வரை. காலையில் நான் திருப்பிக் கொடுத்திருந்த போன், அம்மா போட்டிருந்த அப்பாவின் சட்டைப் பையில் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்துப் பேசுடி, எங்கையில மருந்து என்றாள் அம்மா, கையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவி, அவள் பையிலிருந்து எடுத்தேன். பாப்பா, ரோசா என்னாச்சு என்கிறார் அப்பா, மருந்தடிக்கிற நாள் என்று அம்மா சொல்லியிருப்பாள் போல, அந்தச் சின்ன இடைவெளி இப்போதும் இருக்கிறது, அதற்குள் நான் எட்டிப் பார்க்கிறேன், அங்கே பிடிக்காத சொந்தக்காரர் யாரும் இல்லை, அப்பாதான் தனியாக நிற்கிறார். தெரியலப்பா என்கிறேன். அந்த வார்த்தை வாயை விட்டுப் போகிறது, ஒன்றும் ஆகவில்லை. தெரியலன்னா என்கிறார் அப்பா. தெரியலப்பா, இப்பத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கோம், இருங்க, பாத்துச் சொல்றேன் என்று காதோடு போனை வைத்துக்கொண்டே குனிகிறேன், நான் கடைசியாக அடித்த கன்று, இலையின் மேல் ஒரு துளி, புகையாகவும் இல்லை, பூவாகவும் இல்லை, ஒரே ஒரு துளி, நரம்பு வழியாக உருண்டு நுனிக்கு வந்து, இலையைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்குகிறது, இலை வளைகிறது, வளைகிறது, நான் மூச்சை விடவில்லை, அப்பா ஏதோ கேட்கிறார், துளி விழுகிறது, இலை நிமிர்ந்துகொள்கிறது.